பூனை நோயில் படுத்தால்

கடும் நோய் கண்ட பூனை முனகாது, உதவி கேட்டு வந்து நிற்காது. அலமாரிக்கு அடியிலோ கட்டிலுக்குப் பின்னாலோ போய் ஒடுங்கிக்கொள்ளும். வேட்டையாடும் விலங்காக இருந்தாலும் தன்னைவிடப் பெரிய விலங்குகளுக்கு இரையாகக்கூடிய சிற்றுயிர் என்பதால், பலவீனத்தை வெளிக்காட்டாமல் இருப்பது அதன் பிறவிக் குணம். இதனால் பல வீடுகளில் நோய் முற்றிய பிறகே தெரியவருகிறது. வயதான பூனைகளை அதிகம் தாக்கும் நாள்பட்ட சிறுநீரக நோயையே எடுத்துக்கொள்ளலாம். சிறுநீரகத்தின் செயல்திறனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போன பிறகுதான் அதிகத் தாகமும் அதிகச் சிறுநீரும் கண்ணில் படும். இரத்தத்தில் கிரியேட்டினின் உயர்வதற்குள் முக்கால் பங்கு போயிருக்கும்.

பெங்களூரில் பூனைக்கு மருத்துவம் கிடைப்பது அரிதல்ல. ஹெப்பாளில் 1958இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1991 முதல் இயங்கும் கியூபா என்ற விலங்கு நல அமைப்பு இருக்கிறது. தனியார் மருத்துவமனைகளும் ஏராளம். ஆனால் எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்தோ ஒயிட்ஃபீல்டிலிருந்தோ கூடையில் அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, சில்க் போர்டு நெரிசலைக் கடந்து ஹெப்பாள் போய்ச் சேர்வதற்குள் பூனை பாதி உயிராகிவிடும். அந்தப் பதற்றம் பரிசோதனை முடிவையே மாற்றக்கூடியது. நீரிழிவு இல்லாத பூனைக்கும் பயத்தாலேயே இரத்தச் சர்க்கரை 300 மில்லிகிராமைத் தாண்டுவது உண்டு. இரத்த அழுத்தமும் ஏறும். ஆகவே நோயைக் கண்டறியவும் நெருக்கடியைச் சமாளிக்கவும் மருத்துவமனை, அன்றாடப் பராமரிப்புக்கு வீடு என்று பிரித்துக்கொள்வதே பூனைக்கு நல்லது. பல கால்நடை மருத்துவர்களும் இதையே விரும்புகிறார்கள். வீட்டில் பார்ப்பது மருத்துவரைத் தவிர்ப்பதாகாது. அவர் சொன்னதை வீட்டாரின் கைகள் செய்கின்றன, அவ்வளவுதான்.

முதலில் இடம். ஆள் நடமாட்டமும் டி.வி. சத்தமும் குறைந்த ஓர் அறை, அல்லது அறையின் ஒரு மூலை போதும். உணவும் தண்ணீரும் ஒரு பக்கம், மண் தட்டு எதிர்ப்பக்கம். சாப்பிடும் இடத்தருகே கழிவு இருந்தால் நல்ல உடல்நிலையில் உள்ள பூனையே சாப்பிடத் தயங்கும். மூட்டு வலியும் சோர்வும் உள்ள பூனையால் உயர்ந்த விளிம்பைத் தாண்ட முடியாது, எனவே தட்டின் விளிம்பு தாழ்வாக இருக்கவேண்டும். பூனையின் இயல்பான உடல்வெப்பம் 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை, அதாவது மனிதரைவிட அதிகம். இளைத்துப்போன பூனையால் அந்தச் சூட்டைக் காத்துக்கொள்ள முடியாது. பெங்களூரின் மார்கழி இரவுகளில் டைல்ஸ் தரையும் கிரானைட் தரையும் சில்லிட்டுக் கிடக்கும். பழைய பருத்திப் புடவையை நாலைந்து மடிப்பாக விரித்து, பக்கத்தில் துணி சுற்றிய வெந்நீர்ப் பை ஒன்றை வைக்கலாம். சூடு அதிகமானால் பூனை தானே நகர்ந்துபோக இடம் இருக்கவேண்டும். நகர முடியாத பூனையின் அடியில் வெந்நீர்ப் பையை வைத்தால் தோல் வெந்துவிடும். அடுக்குமாடி வீட்டின் பால்கனிக்கு வலை இல்லையென்றால் கதவைச் சாத்தியே வைக்கவேண்டும். தள்ளாடும் பூனைக்கு விளிம்பு தெரியாது.

தரை துடைக்கும் ஃபினாயிலை அந்த அறையில் பயன்படுத்தக் கூடாது. காயம் கழுவும் டெட்டாலும் அப்படித்தான். ஃபீனால் வகை வேதிப்பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. பாதத்தில் ஒட்டியதை நக்கினாலே போதும், அது உள்ளே போய்விடும். சோப்பு நீரால் துடைத்துப் பிறகு வெறும் தண்ணீரால் துடைப்பது நல்லது.

அடுத்தது கவனிப்பு. ஒரு நோட்டுப் புத்தகமும் சமையலறைத் தராசும் இருந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம். நான்கு கிலோ பூனை 200 கிராம் இளைத்தால் அது உடல் எடையில் 5 சதவீதம். கண்ணுக்கு எதுவும் தெரியாது, தராசு காட்டிவிடும். வாரம் இருமுறை ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதலாம். தினமும் எவ்வளவு சாப்பிட்டது, மண் தட்டில் எத்தனை சிறுநீர்க் கட்டிகள், எத்தனை முறை வாந்தி என்பனவும் அதே பக்கத்தில் இருக்கட்டும். தூங்கும்போது வயிறு எழுந்து தாழ்வதை ஒரு நிமிடம் எண்ணினால் மூச்சின் வேகம் கிடைக்கும். முப்பதுக்குள் இருந்தால் இயல்பு. நாளுக்கு நாள் அது ஏறிக்கொண்டே போனால் இதயமோ நுரையீரலோ தடுமாறுகிறது என்று பொருள். ஈறு இளஞ்சிவப்பாக இருக்கவேண்டும். வெளிறினால் இரத்தச் சோகை, மஞ்சளானால் கல்லீரல் பக்கம் சந்தேகம்.

வலியை அறிய முகத்தைப் பார்க்கவேண்டும். கனடாவின் மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் இதற்கு ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். காதுகளின் நிலை, கண் இடுக்கல், மூக்கும் வாயும் சேர்ந்த பகுதியின் இறுக்கம், மீசை, தலையின் நிலை ஆகிய ஐந்தையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் இடும் முறை அது. காதுகள் பக்கவாட்டில் விரிந்து, கண்கள் பாதி மூடி, தலை தோளுக்குக் கீழே தொங்கிக் குந்தியிருக்கும் பூனை தூங்கவில்லை, வலியைப் பொறுத்துக்கொண்டிருக்கிறது. குர்குர் என்ற சத்தம் கேட்கிறதே, சுகமாகத்தான் இருக்கிறது என்று பலர் தவறாக நினைத்துவிடுகிறார்கள். வலியிலும் அச்சத்திலும்கூடப் பூனை அந்தச் சத்தத்தை எழுப்பும்.

எல்லாவற்றிலும் கடினமானது உணவூட்டல். மனிதர் நோயில் இரண்டு நாள் பட்டினி கிடந்தால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. பூனையின் உடல் அப்படிப்பட்டதல்ல. இரண்டு மூன்று நாள் ஒன்றுமே தின்னாவிட்டால் உடலின் கொழுப்பு கரைந்து வந்து கல்லீரலில் படியத் தொடங்கும். குண்டான பூனைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். முதல் நோயிலிருந்து தப்பிய பூனை இந்தக் கல்லீரல் கொழுப்பு நோயில் இறப்பதுண்டு. அதனால் ஒரு முழு நாள் உணவை ஒதுக்கினாலே மருத்துவரிடம் பேசிவிடவேண்டும்.

தமிழ் வீடுகளில் பூனைக்குத் தயிர்ச் சாதமும் பாலும் வைத்துப் பழக்கம். நோயுற்ற பூனைக்கு இரண்டும் உதவாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலின் சர்க்கரை செரிக்காமல் வயிற்றுப்போக்கு வரும், உடலில் உள்ள கொஞ்சநஞ்ச நீரும் போகும். டாரின் என்ற அமினோ அமிலத்தைப் பூனையால் தேவையான அளவு உண்டாக்கிக்கொள்ள முடியாது; இறைச்சியிலிருந்துதான் பெறவேண்டும். டாரின் குறைந்தால் இதயத் தசை தளர்ந்து விரிந்துபோகிறது என்பதைக் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பியோன் தலைமையிலான குழு 1987இல் நிறுவியது. அதன் பிறகே உலகெங்கும் பூனை உணவில் டாரின் அளவு உயர்த்தப்பட்டது. சைவ வீட்டில் வளரும் பூனைக்கும் இறைச்சி உணவுதான் வேண்டும். கடையில் விற்கும் பூனை உணவை வாங்கி வைப்பது பலருக்கு ஏற்ற வழியாக இருக்கும்.

சிறுநீரக நோய்க்குப் பாஸ்பரஸ் குறைந்த தனி உணவு விற்கிறது. அதற்கு மாறும் பூனைகள் கூடுதல் காலம் நலமாக வாழ்வது உண்மை. ஆனால் குமட்டலில் கிடக்கும் நாளில் புது உணவை நீட்டினால், அந்த உணவையே அது என்றென்றைக்கும் வெறுத்துவிடும். குமட்டல் அடங்கிய பிறகு பழைய உணவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றவேண்டும். உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, எச்சில் ஒழுகுவது, தட்டருகே வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடுவது எல்லாம் குமட்டலின் அடையாளங்கள். அப்போது தேவைப்படுவது குமட்டலைத் தணிக்கும் மருந்து, பிறகுதான் சோறு. பூனைக்கு மணம்தான் பசியைத் தூண்டும். உணவை உடல்சூட்டுக்கு இளஞ்சூடாக்கினால் மணம் எழும். உப்பும் மசாலாவும் போடாமல் வேகவைத்த மீனின் தண்ணீரை ஒரு கரண்டி மேலே விட்டால், சில பூனைகள் இரண்டு நாள் தொடாத தட்டை நக்கத் தொடங்கும். சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் வாங்கிய மீனோ கோழியோ எதுவானாலும் வேகவைத்தே தரவேண்டும். 2025 தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடாவில் வளர்ப்புப் பூனைகளுக்கு எச்5என்1 பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டது நினைவிருக்கட்டும். வெங்காயமும் பூண்டும் சேர்ந்த குழம்பிலிருந்து எடுத்த துண்டு கூடவே கூடாது. அவை பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

தானாகச் சாப்பிடாத பூனைக்கு ஊசியில்லாத சிரிஞ்சால் ஊட்டலாம். வாயின் பக்கவாட்டில், கோரைப்பல்லுக்குப் பின்னுள்ள இடைவெளியில் நுனியை வைத்து ஒரு மில்லிலிட்டர் அளவில் விட்டு, விழுங்கும்வரை காத்திருக்கவேண்டும். தலையை அண்ணாத்திப் பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். திமிறிக்கொண்டு எச்சிலாக வடியவிடும் பூனையை நாளுக்கு ஐந்து முறை பிடித்து அழுத்துவது ஊட்டலே அல்ல. அது வீட்டாரைக் கண்டாலே ஓடிப் பதுங்கத் தொடங்கும். அப்படிப்பட்ட நிலையில் கழுத்துப் பக்கம் உணவுக் குழாய் பொருத்துவது எவ்வளவோ மேல். கேட்டாலே நெஞ்சு பதைக்கும் விஷயம் என்பதால் பலர் மறுத்துவிடுகிறார்கள். சிறு மயக்க மருந்தில் முடியும் வேலை அது. குழாய் பொருத்திய பூனை மடியில் படுத்துத் தூங்கும்போதே உணவும் மருந்தும் தண்ணீரும் உள்ளே போய்விடும். வாரக்கணக்கில் குழாயோடு இருந்து, பசி திரும்பி, குழாயைக் கழற்றிய பூனைகள் நிறைய.

தோலுக்கடியில் நீர் ஏற்றுவது வீட்டார் கற்றுக்கொள்ளக்கூடிய மிகப் பயனுள்ள வேலை. சிறுநீரகம் பழுதான பூனை, குடிக்கும் நீரைவிட அதிகத்தைச் சிறுநீராக இழக்கும். உடல் வறண்டு, மலம் இறுகி, குமட்டல் கூடும். நான்கு கிலோ பூனைக்கு ஒரு தடவைக்கு 100 முதல் 150 மில்லிலிட்டர் வரை தருவது வழக்கம். தினமுமா, வாரம் இருமுறையா என்பதை இரத்தப் பரிசோதனை பார்த்து மருத்துவர் சொல்லவேண்டும். பேச்சு வழக்கில் எல்லா டிரிப்ஸையும் குளுக்கோஸ் என்றே சொல்கிறோம். மருந்துக் கடையில் அப்படிக் கேட்டு டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலை வாங்கி வந்துவிடக் கூடாது. சர்க்கரைக் கரைசல் தோலுக்கடியில் எரிச்சலையும் சீழையும் உண்டாக்கும். சீட்டில் எழுதியுள்ளபடி ரிங்கர் லாக்டேட் போன்ற உப்புக் கரைசலே வேண்டும்.

பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் சற்று நேரம் வைத்து, சில சொட்டுகளை மணிக்கட்டின் உள்பக்கம் விட்டுச் சூடு பார்க்கவேண்டும். ஜன்னல் கம்பியில் அல்லது திரைச்சீலைக் கொக்கியில் மாட்டி, குழாயில் உள்ள காற்றை வெளியேற்றி, புதிய ஊசியைப் பொருத்தவேண்டும். 18 அல்லது 20 கேஜ் ஊசி பார்க்கத் தடிமனாக இருக்கும். ஆனால் மெல்லிய ஊசியில் நீர் இறங்க நேரமாகி, பூனை பொறுமையிழக்கும். தோள்பட்டைகளுக்கு நடுவே தளர்ந்த தோலை இரு விரலால் தூக்கினால் சிறு கூடாரம்போல் எழும். அதன் அடிவாரத்தில், முதுகுக்கு இணையாக, ஊசியின் சாய்ந்த வாய் மேலே இருக்கும்படி நுழைக்கவேண்டும். குழாயில் உள்ள கட்டுப்பாட்டு உருளையைத் திறந்ததும் நீர் ஓடும். பாட்டிலில் உள்ள கோடுகளைப் பார்த்துக்கொண்டே தலையை வருடிக்கொடுத்தால் ஐந்து பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். தோளில் ஒரு வீக்கம் தெரியும். சில சமயம் முன்னங்காலுக்கு இறங்கித் தொங்கும். சில மணி நேரத்தில் உடல் அதை உறிஞ்சிக்கொள்ளும். முந்தைய நாள் நீர் இன்னும் வடியாமல் இருந்தால் அடுத்ததை ஏற்றாமல் மருத்துவரைக் கேட்கவேண்டும். இதய நோயுள்ள பூனைக்கு இந்த நீரே நுரையீரலில் கோத்துக்கொள்ளும். மேலே சொன்ன மூச்சு எண்ணிக்கை இங்கேதான் உயிர் காக்கும். பயன்படுத்திய ஊசிகளை வீட்டுக் குப்பையில் போடாமல் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து மருத்துவமனையில் ஒப்படைப்பது, குப்பை அள்ளும் தொழிலாளரின் கைக்கு நாம் காட்டும் மரியாதை.

மருந்து கொடுப்பதில் கை எளிதில் பழகிவிடும். பயப்பட வேண்டியது தவறான மருந்துக்குத்தான். காய்ச்சல் என்றதும் வீட்டில் இருக்கும் டோலோவையோ குரோசினையோ உடைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. இரண்டிலும் இருப்பது பாராசிட்டமால். அதைச் செயலிழக்கச் செய்யும் நொதி பூனையின் கல்லீரலில் போதிய அளவு இல்லை. 650 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கே உயிருக்கு ஆபத்து. ஈறு பழுப்பாகி, முகமும் பாதமும் வீங்கி, மூச்சுத் திணறும். தெரியாமல் கொடுத்துவிட்டால் மறைக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடவேண்டும். முறிவு மருந்து உண்டு. நாய்க்கு உண்ணி போக்க ஊற்றும் பெர்மெத்ரின் மருந்தைப் பூனைமேல் தடவினால் வலிப்பு வரும். பூங்கொத்தில் வரும் லில்லிப் பூவின் மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கும், ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மாத்திரை கொடுத்த பின் ஐந்தாறு மில்லிலிட்டர் தண்ணீரையோ கொஞ்சம் உணவையோ கொடுப்பது அவசியம். குறிப்பாக டாக்ஸிசைக்ளின் மாத்திரை தொண்டைக்குக் கீழே ஒட்டிக்கொண்டால் உணவுக் குழலைப் புண்ணாக்கிச் சுருக்கிவிடும்.

இளம் பூனைகளில் இரண்டு தொற்றுகள் வீட்டாரை அதிகம் வாட்டுகின்றன. ஒன்று பார்வோ வகையைச் சேர்ந்த பேன்லூகோபீனியா. தடுப்பூசி போடாத குட்டிகளை வாந்தி, பேதி, வெள்ளணுக் குறைவு என்று சில நாள்களிலேயே சாய்த்துவிடும். கிருமி ஓராண்டுவரைகூடச் சுற்றுப்புறத்தில் தங்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லிலிட்டர் வீதம் பிளீச் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டால்தான் சாகும். பிறகு நன்றாகக் கழுவிக் காயவைத்த பின்பே பூனைகளை உள்ளே விடவேண்டும்.

மற்றது எஃப்.ஐ.பி. எனப்படும் நோய். பூனைகளிடையே பரவலாக இருக்கும் சாதாரணக் குடல் கொரோனா வைரஸ் சில பூனைகளின் உடலுக்குள் உருமாறி வரவழைப்பது. வயிற்றில் நீர் கோத்து, இறங்காத காய்ச்சலோடு பூனை உருகும். இது வந்தால் சாவு உறுதி என்பதே 2019 வரை நிலைமை. அந்த ஆண்டு டேவிஸ் பல்கலைக்கழகத்தின் நீல்ஸ் பெடர்சன் குழு ஜிஎஸ்-441524 என்ற மருந்தைச் சோதித்து, இயற்கையாக நோய் கண்ட 31 பூனைகளில் 25 நீண்டகாலம் உயிர் பிழைத்ததை வெளியிட்டது. கொரோனா காலத்தில் இந்திய நிறுவனங்கள் தயாரித்த ரெம்டெசிவிர் உடலுக்குள் போய் இதே மருந்தாக மாறுவதுதான். சிகிச்சை வழக்கமாக 84 நாள் நீளும். நாள் தவறாமல் ஒரே நேரத்தில் மருந்து தரவேண்டும். பூனை தேறி எடை கூடக் கூட அளவையும் கூட்டவேண்டும். பழைய எடைக்கே மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தால் நோய் திரும்பிவிடும். மருத்துவர் எத்தனை திறமைசாலியாக இருந்தாலும், இந்தச் சிகிச்சை வெல்வதும் தோற்பதும் வீட்டுத் தராசிலும் வீட்டாரின் ஒழுங்கிலும்தான் இருக்கிறது.

சில நிலைகளில் வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது. ஆண் பூனை மண் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராவிட்டால் சிறுநீர்ப் பாதை அடைத்துவிட்டது. ஓரிரு நாளில் உயிர் போகும், காலை வரை காத்திருக்கக் கூடாது. வாயைத் திறந்து மூச்சு வாங்குவதும், பின்னங்கால்கள் திடீரெனச் செயலிழந்து சில்லிடுவதும், வலிப்பும் அப்படியே. இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது, அந்த நேரத்தில் வரும் வண்டி எது என்பதை முன்கூட்டியே விசாரித்து எழுதி வைத்திருப்பவர்கள் அந்த இரவில் தடுமாறமாட்டார்கள்.

பராமரிப்பவரும் தன்னைப் பார்த்துக்கொள்ளவேண்டும். வலியில் இருக்கும் பூனை, எத்தனை அன்பானதாக இருந்தாலும், கடிக்கும். பூனைக் கடி சிறு துளையாகத் தெரிந்தாலும் ஆழமானது. பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவி, அன்றே மருத்துவரைப் பார்க்கவேண்டும். இந்தியாவில் ரேபிஸ் இன்னும் ஓயவில்லை. பெங்களூர் நிம்ஹான்ஸில் உலகச் சுகாதார நிறுவனத்தோடு இணைந்த ரேபிஸ் ஆய்வு மையமே இயங்குகிறது. தடுப்பூசி போட்ட பூனைதானே என்று அலட்சியம் வேண்டாம். இன்னொன்று, உடல் அலுப்பு. மாதக்கணக்கில் இரவு தூக்கம் கெட்டு ஒருவரே எல்லாவற்றையும் செய்தால் எரிச்சல் வரும், அந்த எரிச்சலைப் பற்றிக் குற்ற உணர்ச்சியும் வரும். ஊசி போட ஒருவர், உணவூட்ட ஒருவர் என்று வீட்டில் பங்கிட்டுக்கொள்வது சுமையைக் குறைக்கும்.

எதுவரை என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வந்தே தீரும். அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் இதற்கு ஒரு கணக்கு வகுத்தார். வலி, பசி, உடலின் நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், மோசமான நாள்களைவிட நல்ல நாள்கள் அதிகமா என்ற ஏழுக்கும் பத்துப் பத்தாக மதிப்பெண் இட்டு, மொத்தம் 35க்கு மேல் இருந்தால் தொடரலாம் என்பது அந்த முறை. கணக்கே முடிவு சொல்லிவிடாது. ஆனால் வாரம் ஒருமுறை எழுதிவைத்தால், நல்ல நாள் ஒன்றைக் கண்டு நம்பிக்கை கொள்ளும் மனம் மறைக்கும் சரிவை அந்தப் பக்கங்கள் காட்டும். வெயில் படும் ஜன்னலுக்குப் போக விரும்பாத, தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்வதை விட்டுவிட்ட, தொட்டால் விலகும் பூனைக்கு இன்னொரு பாட்டில் நீர் ஏற்றுவது யாருக்காக என்று வீட்டார் தங்களையே கேட்டுக்கொள்ளவேண்டும்.

கருணைக் கொலையைப் பாவம் என்று கருதி மறுக்கும் குடும்பங்கள் பல. அவர்களிடம் வாதாடுவதற்கில்லை, ஆனால் அப்போதும் வலி நிவாரணம் முழுதாகக் கிடைக்கவேண்டும். இயற்கையாகப் போகட்டும் என்று வலிக்கு மருந்தில்லாமல் விட்டுவிடுவது, சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்த பூனையை நாள்கணக்கில் வாந்தியிலும் வாய்ப்புண்ணிலும் தள்ளிவிடும். ஒப்புக்கொள்பவர்களுக்கு, பதிவுபெற்ற கால்நடை மருத்துவர் முதலில் மயக்க ஊசி போட்டு, பூனை ஆழ்ந்து தூங்கிய பிறகே இரண்டாவது மருந்தைச் செலுத்துவார். சில மருத்துவர்கள் வீட்டுக்கே வந்து செய்வார்கள். கூடையும் ஆட்டோவும் இல்லாமல் தன் புடவை மடிப்பிலேயே பூனை இருக்க முடியும் என்பதால், வரச் சம்மதிக்கும் மருத்துவரை முன்பே தேடிவைப்பது நல்லது.

உடலை அடக்கம் செய்யச் சொந்த மண் இல்லாத அடுக்குமாடி வீட்டாருக்கு, சுமனஹள்ளியில் மாநகராட்சி ஏற்படுத்திய விலங்குகளுக்கான மின்மயானம் உதவும். கெங்கேரியில் பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் அமைப்பின் வளாகத்தில் வளர்ப்பு விலங்குகளுக்கு இடுகாடு உண்டு. போகுமுன் தொலைபேசியில் நேரத்தைக் கேட்டுக்கொள்ளவேண்டும். வீட்டில் வேறு பூனை இருந்தால், இறந்தது தொற்றுநோயால் அல்ல என்ற நிலையில், உடலை அது சற்று நேரம் முகர்ந்து பார்க்க விடலாம். பிறகும் சில நாள் அது தேடித் திரியலாம், உணவைக் குறைக்கலாம். அதன் சாப்பாட்டையும் எடையையும் அதே நோட்டில் எழுதிவரவேண்டும். முழு நாள் தின்னாவிட்டால் அதற்கும் மருத்துவர்தான்.